வாத்து வேட்டைக்கு எந்த ரவை: ஸ்டீலா, பிஸ்மத்தா, டங்ஸ்டனா?

தோட்டா வாங்கக் கிளம்பும் முன் துப்பாக்கியைக் கையில் எடுத்து, குழலின் அடிப்பக்கத்தில் பொறித்திருப்பதைப் படியுங்கள். எந்த ரவை (தோட்டாவுக்குள் நிரப்பும் சின்ன உலோகக் குண்டு) வாங்கலாம் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அங்கே இருக்கிறது. மீதிப் பாதி, நீங்கள் உண்மையில் எத்தனை மீட்டரில் சுடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. டப்பாவின் மேல் அச்சிட்ட வேகமும் பறக்கும் வாத்துப் படமும் அதற்கெல்லாம் பிறகுதான்.

இங்கே பேசுவது, வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில் உரிமம் பெற்றவர்கள் நீர்ப்பறவை மேல் சுடும் ரவைத் தோட்டாவைப் பற்றி மட்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டையே குற்றம் என்பதால் அங்கே இந்தக் கேள்வி எழாது.

ஈயத்தை ஏன் விட்டோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இன்னமும் இதை வெறும் அரசாங்கக் கெடுபிடியாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வாத்து தன் அரைவைப்பையில் சின்னக் கற்களை வைத்துத்தான் தானியத்தை அரைக்கிறது. அந்தக் கற்களைச் சேற்றில் தேடும்போது, விழுந்து கிடக்கும் ஈய ரவையையும் கல் என்று நினைத்து விழுங்கிவிடும். அரைபடும் ஈயம் அமிலத்தில் கரைந்து இரத்தத்தில் கலக்கும். ஒரே ஒரு ரவைகூட ஒரு வாத்தைக் கொல்லப் போதும். வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் 2 முதல் 3 சதவீதம் ஈய நஞ்சால் சாகின்றன என்று உயிரியலாளர் ஃபிராங்க் பெல்ரோஸ் 1959இல் மதிப்பிட்டார். நஞ்சேறிய வாத்தைத் தின்ற கழுகுகளும் சாவது தெரிந்த பிறகு சட்டம் வேகம் பிடித்தது.

அமெரிக்காவில் 1991 முதல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை கூடாது. கனடாவில் 1999 முதல் அதே நிலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரி 15 முதல் சதுப்பு நிலத்திலும் அதைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் தடை. டென்மார்க் 1996லேயே எல்லா வேட்டைக்கும் ஈய ரவையை நிறுத்திவிட்டது. இதில் ஒரு நுட்பம் உண்டு. இங்கிலாந்தின் 1999 விதி, வாத்து, பெரிய காட்டு வாத்து (கூஸ்) வகைகளைப் பறவையின் பெயர் சொல்லியே தடுக்கிறது. அதனால் வறண்ட வயலில் வாத்தைச் சுட்டாலும் ஈயம் கூடாது. ஸ்காட்லாந்தின் விதி இடத்தை வைத்துத் தடுக்கிறது. சதுப்பு நிலத்தின் மேல் எந்தப் பறவையைச் சுட்டாலும் கூடாது. எல்லை தாண்டிப் போய் வேட்டையாடுபவர்கள் சறுக்குவது இங்கேதான்.

இனி கணக்குக்கு வருவோம். ஈய ரவையின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 11.1 கிராம். ஸ்டீல் 7.86. பிஸ்மத் சுமார் 9.6. டிஎஸ்எஸ் என்று விற்கும் அடர் டங்ஸ்டன் சுமார் 18. அடர்த்தி குறைந்தால் ஒரே அளவு ரவையின் எடை குறையும், காற்று அதை விரைவாகத் தடுத்து நிறுத்தும். அதனால்தான் “ஈயத்தில் எந்த நம்பரோ, ஸ்டீலில் அதைவிட இரண்டு நம்பர் பெரியது” என்ற பழைய விதி வந்தது. நம்பர் என்பது ரவையின் அளவு; நம்பர் குறையக் குறைய ரவை பெரிதாகும். அமெரிக்க நம்பரில் 17இலிருந்து ரவை நம்பரைக் கழித்தால் விட்டம் நூறில் ஒரு பங்கு அங்குலத்தில் கிடைக்கும். நம்பர் 4 என்றால் 0.13 அங்குலம், அதாவது 3.3 மி.மீ. நம்பர் 2 என்றால் 0.15 அங்குலம், 3.81 மி.மீ. ஈயத்தில் நம்பர் 4 ஒன்றின் எடை 0.21 கிராம், ஸ்டீலில் நம்பர் 2 ஒன்றின் எடை 0.23 கிராம். எடை ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது, ஆகவே இரண்டும் சமம் என்று பலர் அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆனால் பறவையின் இறகையும் தசையையும் துளைத்து உள்ளே போவதை எடை மட்டும் முடிவு செய்வதில்லை. அந்த எடை எவ்வளவு பரப்பின் மேல் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. இதை மனக்கணக்காகப் போடலாம். அடர்த்தியை விட்டத்தால், மி.மீ. கணக்கில், பெருக்குங்கள். ஈயம் நம்பர் 4க்கு 11.1 × 3.3 = 36.6. ஸ்டீல் நம்பர் 2க்கு 7.86 × 3.81 = 30. பிஸ்மத் நம்பர் 4க்கு 31.7. டங்ஸ்டன் நம்பர் 9, வெறும் 2.03 மி.மீ. விட்டம், அதற்கு 36.5. கடுகு போல இருக்கும் நம்பர் 9 டங்ஸ்டன் ரவை, துளைக்கும் திறனில் ஈய நம்பர் 4இன் பக்கத்தில் வந்து நிற்பதன் காரணம் இதுதான். இரண்டு நம்பர் பெரிதாக எடுத்த பிறகும் ஸ்டீல் ஈயத்தைவிடப் பின்தங்கியே இருக்கிறது. அதை ஈடுகட்டத்தான் ஸ்டீல் தோட்டாவை வினாடிக்கு 410 முதல் 470 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறார்கள்; ஈயத்துக்கு 370 முதல் 400 போதுமானதாக இருந்தது. அந்தக் கூடுதல் வேகம் அருகில் உதவும், தூரம் போகப் போகக் கரைந்துவிடும்.

நம்பரை நம்பி வாங்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க நம்பர் 4 என்பது 3.3 மி.மீ.; பிரிட்டிஷ் நம்பர் 4 என்பது 3.1 மி.மீ. டப்பாவில் மி.மீ. அளவு போட்டிருந்தால் அதை மட்டும் பாருங்கள்.

ஸ்டீல்: முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்

மூன்றிலும் விலை குறைந்தது, எங்கும் கிடைப்பது, அடர்த்தியைத் தவிர வேறு பெரிய குறை இல்லாதது ஸ்டீல். துப்பாக்கி ஏற்றுக்கொள்ளுமா என்பதுதான் கேள்வி. ஸ்டீல் ரவை நசுங்காது. ஈயம், சோக் எனப்படும் குழல் வாயின் குறுகலில் கொஞ்சம் நசுங்கி வழிவிடும். ஸ்டீல் வழிவிடாமல் குழலைத் தள்ளும். பழைய, மெல்லிய, ஃபுல் சோக் (மிகக் குறுகலான) குழலில் இதைத் தொடர்ந்து சுட்டால், சோக் தொடங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் மோதிரம் போட்டதுபோல ஒரு வீக்கம் வரும். கண்ணுக்கு உடனே தெரியாது. குழலை ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, வெளிப்பரப்பில் விழும் ஒளிக்கோட்டைப் பாருங்கள். கோடு ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே விரல் நுனியை மெதுவாக ஓட்டுங்கள், மேடு தட்டுப்படும். தட்டுப்பட்டால் அந்தக் குழலைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டும்வரை எதையும் சுட வேண்டாம்.

ஐரோப்பிய ப்ரூஃப் (அழுத்தச் சோதனை) முத்திரை உள்ள துப்பாக்கிகளுக்கு விதி தெளிவாக இருக்கிறது. 12 போர் (குழல் அளவு) துப்பாக்கியில் சாதாரண ஸ்டீல் தோட்டா என்றால் ரவை விட்டம் 3.25 மி.மீ.க்கு மேல் போகாது, வேகம் வினாடிக்கு 425 மீட்டரைத் தாண்டாது, அழுத்தம் 740 பாருக்குள். இது நைட்ரோ ப்ரூஃப் ஆன (புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்ட), நல்ல நிலையில் உள்ள, ஹாஃப் சோக்கோ அதைவிடத் திறந்ததோ உள்ள துப்பாக்கிக்குப் போகும். அதற்கு மேற்பட்ட உயர்திறன் ஸ்டீல் தோட்டாவை, 1320 பாரில் சோதிக்கப்பட்டு லில்லிப் பூ முத்திரை குத்திய குழலில்தான் போட வேண்டும். அதிலும் ரவை 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் சோக் ஹாஃபைத் தாண்டக் கூடாது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். வாத்துக்குப் பரவலாகச் சிபாரிசு செய்யப்படும் அமெரிக்க நம்பர் 2 ஸ்டீலின் விட்டம் 3.81 மி.மீ. அது இந்த விதிப்படி உயர்திறன் வகை. லில்லிப் பூ இல்லாத பழைய இரட்டைக்குழலில் அதைப் போடக் கூடாது. 3.25 மி.மீ. ரவையோடு நிறுத்திக்கொண்டால் நம் பெருக்கல் கணக்கு 25.5 தான் தருகிறது. பெரிய வாத்துக்கு 25, மிஞ்சினால் 30 மீட்டர் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தூரத்தில் திருப்தி என்றால் அதுவே போதும். இல்லையென்றால் பிஸ்மத் பக்கம் போகலாம். குழலை அறுத்துச் சோக்கைத் திறப்பது ப்ரூஃப் பிரச்சினையைத் தீர்க்காது.

தோட்டா அறையின் நீளமும் இதே அளவு முக்கியம். 70 மி.மீ. அறையில் 76 மி.மீ. தோட்டா தடையில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துவிடும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். காரணம், 76 என்பது வாய் விரிந்த பிறகான நீளம். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகலுக்குள் நீட்டிக்கொள்ளும், அழுத்தம் எகிறும். “போட்டுப் பார்த்தேன், போகிறது” என்பது இங்கே சோதனையே ஆகாது.

துப்பாக்கி பொருந்திவிட்டால் சோக்கில் ஒரு படி திறந்து வையுங்கள். நசுங்காத ரவை நெருக்கமாகவே பறக்கும் என்பதால், ஈயத்தில் ஃபுல் சோக் தந்த பரவலை ஸ்டீல் மாடிஃபைடிலேயே (ஹாஃப் சோக்) தந்துவிடும். மிதக்கவிட்ட பொம்மை வாத்தை நம்பி இறங்கும் பறவையை 30 மீட்டருக்குள் சுடுவதென்றால், இன்னும் திறந்த இம்ப்ரூவ்டு சிலிண்டர் சோக் போதும். பெரிய வாத்துக்கு நம்பர் 2 அல்லது 3, சிறிய வாத்துக்கு நம்பர் 4, பெரிய காட்டு வாத்துகளுக்கு பிபி அல்லது அதற்கும் பெரியது. 35 மீட்டருக்கு அப்பால் ஸ்டீலை நம்பிச் சுடும்போது பறவை விழாமல், காயத்தோடு நாணலுக்குள் போய் மெல்லச் சாகும் வாய்ப்புதான் அதிகம். அந்தச் சாவு யார் கணக்கிலும் வராது. தூரக் கட்டுப்பாட்டை இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

ஸ்டீலுக்கே உரிய வேறு சில தொல்லைகள் உண்டு. ஈரம் புகுந்தால் ரவை துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுடும்போது கட்டியாகப் போய்க் குழலையும் கெடுக்கும், எதிரே இருப்பவருக்கும் ஆபத்து. நனைந்த தோட்டாவைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். அதே டப்பாவின் காய்ந்த தோட்டா கலகலக்கும்போது இது மௌனமாக இருந்தாலோ, வாய் மடிப்பில் பழுப்புக் கறை தெரிந்தாலோ, ஒதுக்கிவிடுங்கள். பாறை, பனிக்கட்டி, தண்ணீர்ப் பரப்பு இவற்றில் பட்டுத் தெறிப்பதும் ஸ்டீலில் அதிகம். கண்ணாடி போடாமல் சுடக் கூடாது. வீட்டில் தோட்டா நிரப்புபவர்கள் ஈயத்துக்கான அளவில் ஸ்டீலை மாற்றிப் போடவே கூடாது. மருந்து வேறு, ரவையைத் தாங்கும் தடித்த பிளாஸ்டிக் கிண்ணம், அதாவது வாட், அதுவும் வேறு.

பிஸ்மத்: பழைய குழலின் துணை

தாத்தா காலத்து இரட்டைக்குழல், மெல்லிய சுவர், மாற்ற முடியாத இறுக்கமான சோக், 65 மி.மீ. அறை. இப்படிப்பட்ட துப்பாக்கியோடு சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டும் என்றால் பிஸ்மத்தைத் தவிர நடைமுறைத் தேர்வு அரிது. பிஸ்மத்தோடு சிறிது வெள்ளீயம் கலந்த இந்த ரவை மென்மையானது. ஈயத்துக்கு ஏற்ற சோக்கே பெரும்பாலும் இதற்கும் ஏற்கும். குழலின் நிலையும் ப்ரூஃப் முத்திரையும் சரியாக இருக்க வேண்டும், தோட்டாவின் நீளமும் அழுத்தமும் அந்த அறைக்கு ஒத்துவர வேண்டும் என்ற நிபந்தனைகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. இரும்புப் பட்டைகளை முறுக்கி ஒட்டிச் செய்த பழைய டமாஸ்கஸ் குழல் என்றால் சுவரின் தடிமனைக் கருவி வைத்து அளந்து சொல்லத் தெரிந்தவரிடம் முதலில் காட்டுங்கள்.

ஈயத்தைவிட ஒரு நம்பர் பெரிதாக எடுத்தால் போதும்: ஈயத்தில் 5 சுட்டவர் பிஸ்மத்தில் 4. நியாயமான எல்லை 35 முதல் 40 மீட்டர். குறை என்னவென்றால் பிஸ்மத் நொறுங்கும் தன்மையுள்ளது. சுடும் அதிர்ச்சியில் சில ரவைகள் குழலுக்குள்ளேயே உடைந்துபோகும். உடைந்த துண்டு நேராகப் பறக்காது. இலக்குத் தாளில் வட்ட ஓட்டைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கோணல் ஓட்டைகள் தெரிந்தால் அதுதான் சங்கதி. ரவைகளுக்கிடையே மெத்தைபோல வெள்ளைத் தூள் போட்டு நிரப்பிய தோட்டாவில் இது குறைவு. விலை ஸ்டீலைப்போலப் பல மடங்கு. ஆகவே பயிற்சிக்குப் பறக்கவிடும் களிமண் தட்டு சுட வேறு தோட்டா வைத்துக்கொள்பவர்களே அதிகம்.

டங்ஸ்டன்: எப்போது நியாயம்?

அடர் டங்ஸ்டன் ரவைக்குத் துளைக்கும் திறனில் போட்டியே இல்லை. சின்ன ரவையே போதும் என்பதால் ஒரு தோட்டாவில் எண்ணிக்கை குவியும்: நம்பர் 9இல் ஒரு ரவை 0.08 கிராம்தான், 28 கிராம் நிரப்பினால் 350க்கு மேல். அதனால் 20 போர், 28 போர், ஏன் .410 துப்பாக்கிகூட உருப்படியான வேட்டைக் கருவியாகிறது. தோள் அடியைத் தாங்க முடியாதவர்களுக்கும், எடை குறைந்த துப்பாக்கியைத் தூக்கி நெடுந்தூரம் நடப்பவர்களுக்கும் இது உண்மையான லாபம்.

12 போரில், பொம்மை வாத்தை நம்பி இறங்கும் பறவையை 30 மீட்டரில் சுடுபவருக்கு இது தேவையே இல்லை. மூன்றிலும் விலை மிக உயர்ந்த ரவை, அந்தத் தூரத்தில் ஸ்டீல் செய்யும் வேலையைத்தான் செய்யப்போகிறது. இன்னொரு விஷயம்: ரவை 55 மீட்டரில் துளைக்கும் என்பதால் சுடுபவரும் 55 மீட்டரில் அடிப்பார் என்று ஆகிவிடாது. பறவைக்கு எவ்வளவு முன்னால் குறிவைக்க வேண்டும் என்ற கணிப்பில் வரும் பிழை தூரத்தோடு சேர்ந்து வளர்கிறது. அதை எந்த உலோகமும் திருத்தாது. டங்ஸ்டன் ஸ்டீலைவிடக் கடினம். தடித்த வாட் இல்லாவிட்டால் குழலைக் கீறும். சோக் எது என்பதைத் தோட்டாத் தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஸ்டீலும் டங்ஸ்டனும் கலந்த தோட்டாக்களும் விற்கின்றன. விலை நடுவில் நிற்கும். ஆனால் பழைய துப்பாக்கிக்கு இது வழி இல்லை. ஸ்டீலுக்கான கட்டுப்பாடு முழுவதும் இதற்கும் பொருந்தும். பரவலை மதிப்பிடுவதும் சிரமம்: தாளில் விழுந்த ஓட்டைகளில் எது எந்த ரவை என்று அளவு பார்த்துத் தனியாக எண்ண வேண்டியிருக்கும்.

தாளில் எண்ணாமல் வாங்காதீர்கள்

ஒரே சோக்கில் ஒரே எடைத் தோட்டா இரண்டு நிறுவனங்களில் இரண்டு விதமாகப் பரவும். அதனால் மொத்தமாக வாங்கும் முன் ஒவ்வொரு வகையிலும் ஒரு டப்பா மட்டும் எடுங்கள். 120 செ.மீ. சதுரத் தாள், சுட அனுமதி உள்ள பாதுகாப்பான இடம், பின்னால் மண்மேடு. வழக்கமான சோதனைத் தூரம் 40 கஜம், அதாவது 36.6 மீட்டர், நீங்கள் சுடும் தூரம் 30 என்றால் 30இலும் வையுங்கள், அந்த முடிவுதான் உங்களுக்குப் பயன்படும். தாளின் நடுவே ஒரு புள்ளி வைத்து, ஒரு தாளுக்கு ஒரு தோட்டா. சுட்ட பிறகு, ஓட்டைகள் அடர்ந்த இடத்தை மையமாக வைத்து 76 செ.மீ. வட்டம் வரைந்து எண்ணுங்கள். முன்னதாகவே வட்டம் வரைந்துவிட்டால் குறி தவறியதையும் பரவல் மோசமானதையும் குழப்பிக்கொள்வீர்கள். வட்டத்தின் மையம் நடுப்புள்ளியிலிருந்து எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்பதையும் குறித்து வையுங்கள். ஒவ்வொரு தோட்டா, சோக் சேர்க்கைக்கும் ஐந்து தாள். இரட்டைக்குழல் என்றால் இரண்டு குழலுக்கும் தனித்தனி.

பெரிய வாத்துக்கு அந்த வட்டத்தில் 85க்குக் குறையாமல் ஓட்டைகள் வேண்டும். பெரிய காட்டு வாத்து இனங்களுக்குப் பெரிய ரவையில் 50ஐ ஒட்டி இருந்தால் போதும். 32 கிராம் ஸ்டீல் நம்பர் 2 தோட்டாவில் ஏறத்தாழ 140 ரவைகள் இருக்கும். 85 விழ வேண்டுமானால் 61 சதவீதம் வட்டத்துக்குள் வர வேண்டும். அதே எடையில் நம்பர் 3 என்றால் சுமார் 175 ரவைகள். 49 சதவீதம் வந்தாலே சரி. திறந்த சோக்கில் நம்பர் 2 பல்லிளிக்கும்போது நம்பர் 3 காப்பாற்றுவது இப்படித்தான். ஐந்து தாளின் சராசரியோடு நிறுத்தாமல் மோசமான தாளையும் பாருங்கள்: சராசரி 90 இருந்து ஒரு தாளில் 68 விழுந்திருந்தால் அந்தத் தோட்டாவை நான் எடுக்க மாட்டேன்.

இரண்டு வகை ஏறத்தாழ சமமாக வந்தால் விலை குறைந்ததை எடுத்து, மிச்சத்தைத் தட்டு சுடும் பயிற்சியில் போடுங்கள். லில்லிப் பூ குத்திய குழலோ, ஸ்டீலுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்த துப்பாக்கியோ கையில் இருந்து, 35 மீட்டருக்குள் சுடுபவர் என்றால் ஸ்டீல் நம்பர் 2 அல்லது 3, மாடிஃபைடுக்கு மேற்படாத சோக். பழைய குழலுக்கு பிஸ்மத் நம்பர் 4. சின்னப் போர் துப்பாக்கிக்கும், தோள் அடி தாங்காதவருக்கும் டங்ஸ்டன். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம்: மறைவிடத்திலிருந்து அடி வைத்து எண்ணி, கடைசிப் பொம்மை வாத்தை 30 மீட்டரில் மிதக்க விடுங்கள். அதற்கு அப்பால் பறப்பது எதுவானாலும் விட்டுவிடலாம்.

சமையலறை வரை இந்தத் தேர்வு தொடரும். ஸ்டீல் ரவை சாப்பிடும்போது பல்லை உடைக்கும். ஆனால் காந்தத்துக்கு ஒட்டும். தோலுரித்த நெஞ்சுக்கறியின் மேல் சக்தியுள்ள சின்னக் காந்தத்தை நகர்த்தினால் ரவை இருக்கும் இடத்தில் இழுப்பு தெரியும். பிஸ்மத் காந்தத்துக்கு அகப்படாது. இறகின் துணுக்கு உள்ளே இழுபட்ட ஓட்டையை, கறுத்துக் கட்டிய இரத்தத்தை வைத்துக் கத்தி நுனியால் தேட வேண்டும்.

கடைசியாகச் சட்டைப்பை. அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைத் தோட்டாவை வைத்திருப்பதே குற்றம், சுட வேண்டும் என்பதில்லை. செம்போ நிக்கலோ பூசிய ஈயமும் ஈயம்தான். ஐரோப்பிய விதியும் சுமந்து செல்வதைச் சேர்த்தே தடுக்கிறது. முயலுக்கும் காடைக்கும் போட்டுப்போன அதே மேல்சட்டையை மாட்டிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பினால், ஓரத் தையலுக்குள் விழுந்து கிடக்கும் ஒற்றைத் தோட்டா போதும். முந்தைய இரவே எல்லாப் பைகளையும் வெளியே திருப்பி உதறுங்கள்; துப்பாக்கி உறையின் அடியையும், படகில் இருக்கும் பையையும் சேர்த்து. குழாய் மேகசின் (குழலின் அடியில் தோட்டா அடுக்கும் குழாய்) உள்ள துப்பாக்கி என்றால், அறையில் உள்ளதையும் சேர்த்து மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி உள்ளே கட்டை போட்டிருக்கிறதா என்று நான்காவதைத் தள்ளிப் பார்ப்பதும் அப்போதே நடக்கட்டும். அதற்கு உயிருள்ள தோட்டா வேண்டாம், மருந்தில்லாத பயிற்சித் தோட்டா போதும்.